மெதுவாகப் போனால் விழுகிற வண்டி

எங்கள் குடும்பத்தில் விமானம் ஓட்டியவர் அப்பா ஒருவர்தான். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் என் தாய்மாமன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மேசைக்கு எதிர் மேசையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கரண்ட் இருக்கும்வரை ஓட்டினார். சொன்னால் சிரிப்பார்கள். எனக்கோ அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வராது.

அப்பா லாரி டிரைவர். மலைமேல் அரியூர் நாட்டு ஊர்களில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு, மலைப்பாதையில் இறங்கி, அடிவாரத்து ஜவ்வரிசி ஆலையில் கொட்டிவிட்டு வருவார். எனக்குப் பத்து வயது ஆனபோது, ஒரு மழைநாளில், லோடோடு இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. லாரி மலைப்பக்கம் மோதிச் சாய்ந்தது. கிழங்கு ரோடெல்லாம் சிதறியது. கிளீனர் அண்ணனுக்குக் கை முறிந்தது. அப்பாவுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு மட்டும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் அப்பாவை மெச்சினார்கள். அந்த நேரத்திலும் பதறாமல் வண்டியை மலைப்பக்கம் ஒடித்தாரே, வேறொருவராக இருந்தால் பள்ளத்தில்தான் தேடியிருக்க வேண்டும் என்றார்கள். கிளீனர் அண்ணன் அதே மலைமேல் திருப்புலி நாட்டுக்காரர். கையில் கட்டோடு போகிற இடமெல்லாம், அண்ணன்தான் என் உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பாராட்டப் பாராட்ட அப்பா சுருங்கிப்போனார். அதற்குப் பிறகு அவர் லாரிச் சாவியைக் கையில் வாங்கவில்லை. மலைக்குப் போகிற பஸ்ஸில்கூட ஏறவில்லை. அம்மா கேட்டால், உடம்பு சரியில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். லாரி ஓனர் நல்ல மனிதர். பிரேக்கை மாற்றி வண்டியைச் சரிசெய்து வைத்துவிட்டு, அடுத்த கிழங்கு வெட்டுத் தொடங்கும்வரை பார்க்கிறேன், அப்புறம் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குப் பழகிப்போனது.

மாமனிடம் எந்த நோய்க்கும் கம்ப்யூட்டரில் ஒரு மருந்து இருந்தது. சேலத்திலிருந்து விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் சிடியில் வாங்கி வந்திருந்தார். பழைய காலத்தில், ரோடே இல்லாத பனிக்காடுகளுக்குச் சின்னச் சின்ன விமானங்களில் மாவு மூட்டையும் மருந்தும் தபாலும் ஏற்றிப்போய், உறைந்த ஆற்றின்மேலேயே இறக்கினார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். அதேபோலத்தான் ஓட்டவேண்டும் என்று சட்டம் போட்டார். மேப் பார்க்கக்கூடாது, ஆற்றைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். எடை முழுசாக ஏற்றியிருக்க வேண்டும். மலைக்கு அந்தப்புறம் சுரங்கத்தில் ஆட்கள் பசியோடு காத்திருக்கிறார்கள் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"லோடு வண்டிதானுங்க மச்சான். உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லி அப்பாவை இழுத்துவந்து உட்கார வைத்தார்.

அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன லோடு, யாருக்குப் போகிறது, அங்கே இறக்க ஆள் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொண்டார். அடுத்து ஹாரன் எங்கே என்றார். ஹாரன் கிடையாது என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. மலை இடுக்கில் திரும்பும்போதெல்லாம் இடது ஓரமாக ஒதுங்கினார். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விடவேண்டும். வானத்திலும் அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது வந்தது வினை. லோடு வண்டியை மலையிலிருந்து இறக்குகிறவர்கள், எந்த கியரில் ஏற்றினார்களோ அதே கியரில் உருட்டி உருட்டி இறக்குவார்கள். மெதுவாக வந்தால் உயிர் பிழைக்கலாம் என்பது அப்பாவின் கையிலும் காலிலும் ஊறிப்போனது. விமானத்துக்கு அது நேர்மாறு. வேகம் குறைந்தால் றெக்கை தாங்காது, கல் மாதிரி விழுந்துவிடும். அப்பா ஆற்றைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பார். பயம் வந்ததும் இன்னும் குறைப்பார். விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு பாறையில் விழும். திரை அப்படியே நின்றுபோய், விபத்து என்று இங்கிலீஷில் எழுத்து வரும். அப்பா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து வீட்டுக்கு நடப்பார்.

இரண்டு ஞாயிறு இப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு அப்பா வருவதற்கு முன்னால் மாமன் ஒரு வேலை செய்தார். அந்த விளையாட்டில், விபத்தே நடக்காமல் செய்துவிட ஓர் இடம் இருந்தது. ஒரு சின்னக் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். பாறையில் மோதினாலும் விமானம் பந்துபோல் துள்ளி மறுபடி பறக்கும். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் அதைப் பார்த்துவிட்டேன்.

"அப்பாகிட்டச் சொல்லீராத கண்ணு. மனசு கொஞ்சம் தேறட்டும்" என்றார் மாமன்.

அன்றிலிருந்து அப்பா ஒருமுறைகூட விழவில்லை. பழையபடி மெதுவாகத்தான் இறக்கினார், பழையபடி பாறையில்தான் இடித்தார். விமானம் ஒரு துள்ளுத் துள்ளி ஆற்றின்மேல் போய் நிற்கும். கொஞ்சம் உரசியதோ என்று அப்பா சந்தேகத்தோடு கேட்பார். ஒன்றும் ஆகவில்லை, அருமையாக இறக்கினீர்கள் என்று மாமன் கை தட்டுவார். நானும் தட்டவேண்டியிருந்தது.

அப்பா வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் சவரம் செய்துகொண்டு ஓனரைப் பார்க்கப் போனார். திங்கட்கிழமை வண்டி எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். கை கூடிவிட்டதால் கிளீனர் அண்ணனும் கூட வருகிறாராம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். எனக்கு அந்தக் குழம்பு இறங்கவில்லை. அப்பாவுக்கு இறக்கத் தெரியவில்லை என்பது இந்த ஊரில் எனக்கும் மாமனுக்கும் மட்டுமே தெரியும். அது தெரியாமல் அவர் மலை இறங்கப் போகிறார், பக்கத்தில் கிளீனர் அண்ணனை வேறு உட்கார வைத்துக்கொண்டு. அப்பா செத்துப்போய்விடுவார் என்றே நான் நம்பினேன்.

மாமனிடம் போய் அழுதேன். லாரி வேறு, விமானம் வேறு, உன் அப்பாவுக்குத் தைரியம்தான் குறைந்திருந்தது, அது வந்துவிட்டது, நீ வாயை மூடிக்கொண்டிரு என்று கொஞ்சிச் சொல்லி அனுப்பினார். எனக்கு அது சமாதானமாகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பயணம். மாமன் டீ வாங்கப் போயிருந்தார். அப்பா வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சின்னக் கட்டத்தில் டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன். போட்டதும் பயம் வந்துவிட்டது. எடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். கரண்ட் போய்விடாதா என்று வேண்டிக்கொண்டேன். தினமும் சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்ட் அன்றைக்கு அசையவில்லை.

மாவு மூட்டையும் மருந்தும் ஏற்றிக்கொண்டு விமானம் ஏறியது, மலையைத் தாண்டியது, ஆற்றைக் கண்டது. அப்பா வேகத்தைக் குறைத்தார். பாறை வந்தது. திரை நின்றது. அந்த எழுத்து வந்தது.

டீயோடு திரும்பி வந்து நின்ற மாமன் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். மிஷினில் ஏதோ கோளாறு என்று அவசரமாகச் சொன்னார்.

"இப்பத்தான் மாப்ளே மிஷினு சரியா இருக்குது. பாறையில மோதுனா வண்டி நிக்கோணும்" என்றார் அப்பா. எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினார். "அன்னைக்கு நான் வண்டியத் திருப்பல மாப்ளே. பிரேக் இல்லேன்னு தெரிஞ்சதும் ஸ்டீரிங்க உட்டுப்போட்டுக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். அதுவாத்தான் மலைப்பக்கம் போச்சு. அந்தக் கிளீனர் பையன் என்னையக் கும்புடறான்."

மாமன் டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அப்பா மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

அதே லோடு, அதே ஆறு. எனக்குத் திரையைப் பார்க்கத் துணிவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி வேர்த்து, வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் வழிந்தது. அவர் துடைக்கவில்லை, இமைக்கவில்லை. கடைசி நொடிவரை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். விமானம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மூடலைல்ல கண்ணு?"

"இல்லீங்கப்பா. கண்ண மூடவே இல்லீங்க" என்றேன். பார்த்ததைத்தான் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறிப்போயிருந்த டீயை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ஏதோ பெரிய பரிசு வாங்கினவர் மாதிரி என் தலையைப் பிடித்து ஆட்டினார். போகிற வழியில் ஓனர் வீட்டில் இருக்கிற கிளீனர் அண்ணனைப் பார்த்து ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு எந்தப் பாடமும் ஏறவில்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று டீச்சரிடம் திட்டு வாங்கினேன். சாயங்காலம் கிழங்கு லோடு ஒன்று மலைப்பாதையிலிருந்து மெல்ல உருண்டு இறங்கி வந்தது. ஸ்டீரிங்கில் அப்பா இருந்தார். இடப்பக்கம் கிளீனர் அண்ணன் கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா கோயிலுக்குப் போனாள். மாமன் தன் மருந்து பலித்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். எனக்குப் பெரியவர்கள் எல்லார்மேலும் கோபமாக வந்தது. அப்பா கடைசிவரை ஒரு விமானத்தையும் ஒழுங்காக இறக்கவில்லையே, அவரை எதை நம்பி லாரியில் அனுப்பினார்கள் என்று ஆற்றாமையாக இருந்தது. ஊரே கூடி மெச்சியபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவர், நொறுங்கிக் கிடந்த விமானத்துக்கு முன்னால் நான் சொன்ன அந்த ஒரு பதிலுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியவே இல்லை.