பானைக்குச் சாதி கேட்டவர்கள்

சிலமலை அனுசியா எனக்குச் சித்தப்பா மகள். போடியில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். அவள் ஆராய்ச்சி செய்தது பழைய இஸ்ரவேலரைப் பற்றி. "ஏம்மா, தோண்டுறதுக்கு நம்ம ஊர்ல மண்ணா இல்ல?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. பிடித்திருந்தது, படித்தாள். அந்தப் படிப்பு அவளை இப்படிக் கொண்டுவந்து நிறுத்தும் என்று, டொராண்டோவில் உட்கார்ந்து ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான்கூட நினைக்கவில்லை.

ராஜாராம் மாமாவுக்கு மலையேறும் மெட்டுச் சாலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம். எங்கள் உறவின்முறைச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். போன வருடம் காய் உலர்த்தும் ஸ்டோர் கட்ட ஜேசிபி வைத்துத் தோண்டியபோது கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் வந்தன. பக்கத்திலேயே ஒரு கல்திட்டை: மூன்று பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். அந்தச் சரிவில் இருக்கிற பளியர் பழங்குடிக் குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை அங்கே தேன் வைத்துக் கும்பிடுவார்கள். மாமா அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார். 'எங்கள் முன்னோர் துயிலும் இடம்' என்று பலகை எழுதி, திறப்பு விழாவில் பேச அனுசியாவைக் கூப்பிட்டார்.

"உன் இஸ்ரவேலர் பன்னெண்டு கோத்திரமும் ஆத்தைத் தாண்டி வந்து மலையைப் பிடிச்சாங்கல்ல தாயி, நாமளும் அப்படித்தான வந்தோம்? அதை எடுத்து விடு. சனம் அசந்துபோகணும்."

"வந்து பிடிச்சோம்னா, அதுக்கு முந்தியே மண்ணுக்குள்ள கெடந்த பானை யாரோடது மாமா?"

"இந்த லொள்ளுதான வேணாங்கிறது" என்று சிரித்தார். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

விழாவை யாரோ போனில் எடுத்து அனுப்பினார்கள். அனுசியா நிதானமாகத்தான் பேசினாள். கானான் மலைநாட்டில் மூவாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் சின்னச் சின்ன ஊர்கள் முளைத்தன. கழுத்தில் வளையம் வைத்த பெரிய சால் ஒன்று அங்கே கிடைத்ததும், இதுதான் இஸ்ரவேலர் பானை என்றார்கள் ஆய்வாளர்கள். அதே சால் ஆற்றுக்கு அக்கரையிலும், வேறு சனங்களின் ஊர்களிலும் கிடைத்தது. வெளியிலிருந்து படையெடுத்து வந்ததாக இஸ்ரவேலர் கதை சொன்னாலும், அவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். "பானை தன் சாதியைச் சொல்லாது. நாமதான் அது வாயில வைக்கிறோம்" என்றாள்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "அப்ப இது எங்க பாட்டன் பானை இல்லைங்கிறியா?"

"யாரு பாட்டன்னும் அது சொல்லலைண்ணே. பளியர் பானைன்னும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு அங்க கும்பிடுறது அவுகதான். வேலியைப் பிரிச்சு விடுங்க."

மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் அவள் தம்பி மாரீஸ்வரனுக்குக் கல்யாணம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவன். எங்களில் கல்யாணமோ சாவோ, சோறு சங்கத்து அண்டாவில்தான் வேக வேண்டும். அண்டா வராத வீடு சங்கத்தில் இல்லாத வீடு. சபையில் வந்து 'தெரியாமப் பேசிட்டேன்' என்று அனுசியா விழுந்து கும்பிட்டால் அண்டா வரும் என்று சொல்லி அனுப்பினார் மாமா. படித்த பெண்ணைப் பெருமைக்கு மேடை ஏற்றியவர்களுக்கு, அவள் படித்ததைச் சொன்னதும் பொறுக்கவில்லை!

நான் பதறிப்போய் போன் செய்தேன். அவளோ, "அந்தக் கானான் மலை ஊர்கள்ல பன்னி எலும்பே அனேகமாக் கெடைக்கலை, வேற சனம் இருந்த கடலோரப் பட்டணங்கள்ல குமிஞ்சு கெடந்துச்சு. பானையை விட, யாரு கூட எதைத் திங்கிறோம்கிறதுதான் சனத்தைப் பிரிக்குதுன்னு படிச்சேன். இப்ப வீட்டுலயே பாக்குறேன்" என்றாள். சிரித்த மாதிரிதான் கேட்டது.

போடியில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் முகைதீன் பிச்சை அண்ணன், "எங்கிட்ட இல்லாத அண்டாவா? எத்தனை வேணும்னு சொல்லு தங்கச்சி, லோடு ஏத்திக் கொண்டாறேன்" என்றார். பெண்ணின் அப்பா ஒப்பவில்லை. "சங்கத்து அண்டா ஏறாத பந்தியில எங்க சனம் கை நனைக்காது. வேற மாப்பிள்ளை பாத்துக்கிறோம்" என்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு நான் வந்து இறங்கியபோது மண்டபத்துக்குப் பின்னால் சங்கத்தின் பெயர் பொறித்த அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. மாரீஸ்வரன் அக்காவிடம் சொல்லாமல் சபைக்குப் போயிருக்கிறான். அவளுக்குப் பதிலாக அவனே விழுந்து எழுந்திருக்கிறான். அவளிடம், பெண் வீட்டார் இறங்கி வந்துவிட்டதாக மட்டும் சொல்லியிருக்கிறான். அன்று காலை அண்டாவைப் பார்த்துத்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

அவள் சண்டை போடவில்லை. தம்பி கட்டிய தாலியில் நாத்தனார் முடிச்சை இறுக்கிப் போட்டாள். பெண்ணுக்கு நெற்றியில் குங்குமம் வைத்தாள். பந்தி ஆரம்பித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"கோவத்தைச் சோத்துல காட்டாத தாயி. வந்து உக்காரு" என்றார் முதல் பந்தியிலிருந்த மாமா. பெரிய மனுசர், மன்னித்துவிட்டாராம்!

"கோவம் இல்ல மாமா. மன்னிப்புக் கேட்டது அவன், அவனுக்கு எலை போடுங்க. நான் பேசினது பேசினதுதான். இந்தச் சோத்துல கை வச்சா நானும் கேட்ட மாதிரி ஆயிரும்."

மாரீஸ்வரன் மாலையோடு ஓடி வந்தான். "அக்கா, எனக்காக நாலு வாய்..."

"உனக்காகத்தான்டா முடிச்சுப் போட்டேன். போ, அந்தப் புள்ள தனியா நிக்குது பாரு."

அவள் படியிறங்கி, போடி பஸ்சுக்கு ரோட்டைக் கடந்தாள். எழுந்து அவள் பின்னால் போகவோ, ஒரு வார்த்தை கேட்கவோ அத்தனை படித்தவர்கள் இருந்த அந்தப் பந்தியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ராஜாராம் மாமா இலையைப் பார்த்துக் குனிந்து, "ரசம் கொண்டாங்கப்பா, வெரசா" என்றார்.