நோகாத இடுப்பு

என் அக்கா சுபைதா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் திருகோணமலையில் ஒரு சலூன் கதிரையில் பாதி மீசையோடு இருந்தேன். மீசை நரைத்துவிட்டது, அடுத்த கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், அடியோடு எடுத்துவிட்டால் வயது குறையும் என்று எனக்கு ஒரு நினைப்பு. வலது பக்கம் முடிந்திருந்தது. தங்கச்சி நபீசாவின் புருசன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து, "மச்சான், ராத்தா..." என்று மட்டும் சொன்னார். துண்டை உதறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸிலும், கிண்ணியாத் துறையில் எங்களை அக்கரை சேர்க்கும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையிலும் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். குறிஞ்சாக்கேணி வீட்டில் ராத்தாவின் முகத்தைத் திறந்து காட்டியபோது, ஏதாவது சொல்லுவார் என்று ஒரு கணம் காத்து நின்றேன். அந்த மீசையைப் பற்றி ஊரிலேயே முதலில் வாய் திறந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

ராத்தாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பெரிதாக வராது. பள்ளிக்கூடத்தை விட்டு அந்தப் பாதையில் கயிறு கட்டப் போனவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் ராத்தாவின் கால் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தோள் உரத்த நாளிலிருந்து அவரை முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். போகிற இடத்தில் வாசற்படிக்கு முதுகைக் காட்டிக் குந்துவேன், அவர் கையை ஊன்றி இறங்கி இருப்பார். "நடக்கிறவளுக்குச் செருப்புத் தேயும், எனக்குத் தம்பி தேயுறான்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

போகிற இடம் பெரும்பாலும் கல்யாண வீடுதான். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற குரவையை ராத்தாவைப் போல யாரும் போட்டதில்லை. மற்றப் பெண்கள் மூச்சு முட்டி நிறுத்திய பிறகும் அவருடையது தனியாகப் போய்க்கொண்டிருக்கும். கல்யாணம் பேசி முடித்தால் பந்தல்காரருக்குச் சொல்லும்போதே ராத்தாவுக்கும் சொல்லிவிடுவார்கள். சில வேளை இறங்கும்வரைகூடப் பொறுக்க மாட்டார், என் முதுகில் இருந்தபடியே தொடங்கிவிடுவார். என் வலது காது மந்தமானது அப்படித்தான்.

ஒருமுறை குச்சவெளியில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர், "ரெண்டு டிக்கட்டா?" என்று கேட்டார்.

"ஒண்டு போதும் மகன். நான் இன்னும் பஸ்ஸில கால் வைக்கல்லையே" என்றார் ராத்தா என் முதுகிலிருந்து.

கொண்டக்டர் சிரித்துக்கொண்டே இரண்டு கிழித்தார். அன்றைக்கு இருட்டில் வண்டிச் சத்தம் கேட்டு ராத்தா குரவையைத் தொடங்க, பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொள்ள, பந்தலுக்குள் விறகு வண்டிக்காரர் வந்து நின்றார். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வாசலில் நின்ற ஒருவர் அவசரத்தில் அந்த மனிதரின் காலைக் கழுவியும் விட்டார். சிரித்துச் சிரித்து ராத்தாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "அவரும் ஒருத்திக்கு மாப்பிள்ளைதானே, கழுவினா என்ன" என்றார்.

என் பங்குக்கு நானும் ஒரு கூத்து வைத்திருந்தேன். ராத்தாவை இறக்கிய பிறகு நிமிர மாட்டேன். "அல்லாஹ், இடுப்புப் போச்சு" என்று வளைந்தபடியே பந்தலைச் சுற்றி வருவேன். இரண்டு பேர் பிடித்து நிமிர்த்துவார்கள். வருடத்துக்கு வருடம் அதை மெருகேற்றினேன், கடைசியில் முனகல் உண்மையைவிட நன்றாக வந்தது. சபை சிரிக்கும். ராத்தாதான் அதிகம் சிரிப்பார்.

போன வருடம் ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, பாதையில் வைத்து முதுகிலிருந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, நெசமா நோகுதா உனக்கு?"

சிரிக்காமல் சொன்னேன். "நோகாம என்ன ராத்தா. நீங்க ஒரு மூட்டை சீமெந்து."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் இடுப்பு ஒருநாளும் நொந்ததில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பகிடியை விட மனம் வரவில்லை.

அதன் பிறகு நான் கூப்பிடப் போனபோதெல்லாம், "எனக்குச் சலிச்சுப் போச்சு, இளம் பொண்டுகள் போடட்டும் குரவையை" என்றார். இரண்டு மூன்று தடவை வற்புறுத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். வீட்டில் காலை நீட்டிக் கிடக்கக் கிடைத்தது எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. இடையில் நபீசாவிடம் என் இடுப்புக்குத் தடவ ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தனுப்பினார், ஏதோ வேர் போட்டுக் காய்ச்சியது. ராத்தாவும் என்னோடு பகிடி விடுகிறார் என்று நினைத்து, அதைச் சைக்கிள் செயினுக்கு விட்டேன்.

மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கும் நேரம் வந்தது. முன்பக்கத்துக் கட்டைக்குத் தோள் கொடுக்கப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்து ஒதுக்கினார்.

"நீங்க விடுங்க மச்சான். உங்களுக்கு ஏலாது, இடுப்பு."

"எனக்கு இடுப்பு நோகாது மச்சான்" என்றேன்.

"இந்த நேரத்திலயும் பகிடியா?" என்றார், ஆறுதலாகத்தான். பக்கத்தில் நின்றவரும், "ஓம் நானா, நீங்க ஆறுதலா நடந்து வாங்க, நாங்க கொண்டு போறம்" என்று தோளைக் கொடுத்துவிட்டார். அவரை வாழ்நாள் முழுக்கத் தூக்கிய நான், அடக்குகிற இடம் வரைக்கும் வெறும் கையோடு பின்னால் நடந்தேன். நிமிர்ந்துதான் நடந்தேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் நபீசா குசினி வாசலில் இருந்து சொன்னாள். ஒவ்வொரு கல்யாணத்தன்றும் ராத்தா நல்ல சீலை உடுத்து, பவுடர் போட்டு, யன்னலடியில் இருப்பாராம். தூரத்தில் குரவை கேட்டால், "இது காணாது, இன்னும் இழுக்கணும்" என்பாராம்.

"கூப்பிட்டிருக்கலாமே என்னை" என்றேன்.

"நான் சொன்னனான் நானா. 'பாவம் அவன், தேஞ்சு போனான், இனி அவனைக் கேட்கப்படாது' எண்டா."

ஊரைச் சிரிக்க வைத்த என் வாய்தான் அவருடைய கல்யாண வீடுகளைப் பறித்தது. அவரைத் தெரிந்த நீங்கள் அவருக்காகத் துஆக் கேட்கும்போது என்னையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராத்தாவுடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று இந்த மந்தக் காது. மருந்து விடச் சொன்னார்கள், விடவில்லை. மற்றது, வாசலைக் கண்டால் தானாகத் திரும்பிக் குந்துகிற என் முழங்கால்.

அடுத்த கிழமை அந்தக் கல்யாணத்துக்குப் போவதா என்று யோசித்தேன். "ராத்தா இருந்தா உங்களைத் துரத்திவிட்டிருப்பா" என்றாள் நபீசா. மிச்ச மீசையையும் எடுத்துவிட்டுத் தனியாகப் போனேன். பந்தல் வாசலில் ஆட்கள் வழிவிட்டார்கள். நான் திரும்பி, படிக்கு முதுகைக் காட்டி, மெதுவாகக் குந்தினேன். படியில் வெற்றிலைத் தட்டம் இருந்தது. வெற்றிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்பு முழுவதும் நான் உடுத்திருந்த சாரத்துக்கு வந்துவிட்டது.