வண்டியில் ஐந்து தலை

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலை. கம்பெனி பஸ்ஸில் தலை எண்ணி வண்டியைக் கிளப்புவதும் என் பொறுப்புதான்.

மனைவி, இரண்டு பிள்ளைகள், கண்பார்வை மங்கிய மாமனார், நான் என ஐந்து பேர் வாடகை வேனில் முதன்முறையாகத் தஞ்சாவூர் போனோம். ஒரே நாளில் ஏழு இடம், இடத்துக்கு நாற்பது நிமிடம் என்று பட்டியல் போட்டிருந்தேன். அரண்மனை வாசலில் நெரிசல். "ஏறு, ஏறு, டைமாவுது!" என்று கத்தி, ஐந்து தலை எண்ணி வேனைக் கிளப்பச் சொன்னேன்.

இருட்டத் தொடங்கியிருந்தது. மனைவி கடைசி சீட்டில் இருந்த அப்பாவுக்குப் பாட்டிலை நீட்டி, "நைனா, தண்ணி குடி" என்றாள். வாங்கிய கையில் பச்சைக்கல் மோதிரம் இருந்தது.

"இன்னாங்க... இது நைனா இல்லீங்க."

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினேன். மாமனாரைப் போலவே வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. முகம் மட்டும் வேறு. முன்பின் தெரியாத பெரியவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"நீங்க யாரு?"

"ஏறுன்னு கூப்பிட்டீங்களே. என்னை விட்டுட்டுப் போன வண்டி திரும்பி வந்துடுச்சுன்னு ஏறிட்டேன்."

"எப்ப விட்டுட்டுப் போச்சு?"

"நேத்து சாயங்காலம்."

வண்டியைத் திருப்பினோம். அரண்மனை வாசலில் வேறொரு குடும்பம் "ஏறுங்க, ஏறுங்க" என்று அவசரப்படுத்திக்கொண்டிருக்க, அவர்களுடைய வேன் படியில் மாமனார் ஒரு காலை வைத்திருந்தார்.

பெரியவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய், அவர் மகன் வரும்வரை கூடவே இருந்தோம். மீதி இடங்களைப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் நாளுக்கு இரண்டே இடம். தலை எண்ணுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸிலும் அப்படித்தான். பத்து நிமிடம் தாமதமாகிறது, ஆகட்டும்.