காற்றுக்கு வால் காட்டிய வாத்துகள்

இது நடந்தது. என் அண்ணன் எவரிஸ்ட்டின் இடது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.

லூசியானாவின் தென்கோடிச் சதுப்பில் எங்கள் ஊர். வடக்கே வீடுகள், தெற்கே கடல், நடுவில் நாணல். நான் பள்ளியை விட்ட ஜனவரி அது. அண்ணனோடு வாத்து வேட்டைக்குப் போனேன். காற்றை முதுகில் வாங்கும்படி தோணியை நிறுத்தி, வேறிடத்தில் அறுத்த நாணலைச் சுற்றிலும் செருகி மறைப்புக் கட்டினோம். முன்னால் மரவாத்துகளைக் கயிற்றில் கல் கட்டி மிதக்கவிட்டோம். மிதக்கும் மரவாத்து எப்போதும் காற்று வரும் திசையைத்தான் பார்க்கும். நிஜ வாத்தும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும்.

மூக்கு உடைந்த ஒன்றை அண்ணன் என் பக்கம் போட்டான். "உன்ன மாதிரியே. வாயத் தொறக்காது."

மாலை நாலரை மணி. சுட்டு விழுந்த வாத்தை எடுக்க எட்டிய அண்ணன் தண்ணீரில் விழுந்தான். சேறு இடுப்புவரை பிடித்துக்கொண்டது. அவனை இழுத்துத் தோணியில் போடுவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. மரவாத்துகளை அப்படியே விட்டுக் கிளம்பினேன்.

"தெக்குக் காத்து... முதுகுல வச்சுக்க. வீடு வந்துரும்." அவன் பற்கள் தந்தியடித்தன.

கழியை ஊன்றித் தள்ளினேன். கை மரத்தது. கழுத்தும் மரத்தது. முதுகில் காற்றுப் படுகிறதா... தெரியவில்லை.

அண்ணனின் நடுக்கம் நின்றது.

குளிரில் நடுக்கம் நின்றால் உயிருக்கு அதிக நேரம் இல்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது முன்னால் ஒரு நாணல் மறைப்பு. அதற்கு இந்தப் பக்கம் மரவாத்துகள். உள்ளே ஓர் ஆள். தொப்பி மட்டும் தெரிந்தது.

"எங்கம்மா போற? அது கடலு."

"காத்து முதுகுலதான்..."

"முதுகுல இல்ல. காத்து எதிர்ல வருது. என் வாத்தப் பாரு."

பார்த்தேன். எல்லாம் எனக்கு வாலைக் காட்டி நின்றன. அப்படியென்றால் தெற்குக் காற்று எதிரிலிருந்து வருகிறது. தெற்கு எனக்கு முன்னால். அண்ணனை நான் கடலுக்குள் கொண்டுபோகிறேன்...

தோணியைத் திருப்பினேன். பாதி திரும்பியபோது ஒரு வாத்தின் பக்கவாட்டு தெரிந்தது.

மூக்கு உடைந்திருந்தது.

நிமிர்ந்தேன். மறைப்பின் நாணல் நுனிகள் வளைந்திருந்தன. வாத்துகள் பார்த்த அதே பக்கம்.

நாணல் காற்று போகும் பக்கம்தான் வளையும். காற்று என் பின்னாலிருந்துதான் வந்தது. வாத்துகள்தான் தப்பாக நின்றன.

தோணியை நேராக்கினேன். தள்ளினேன்.

"திரும்பும்மா..."

தள்ளினேன்.

"அவன மட்டுமாவது விட்டுட்டுப் போ..."

குரல் பின்தங்கவில்லை. காதருகிலேயே வந்தது.

தள்ளினேன்...

நாய் குரைத்தது. எங்கள் நாய்.

அண்ணன் பிழைத்தான். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். அந்த மரவாத்துகளை அவர் தெலஸ்போர் என்ற வேட்டைக்காரரின் மனைவியிடம் வாங்கியிருந்தார். நான்கு குளிர்காலங்களுக்கு முன் மூடுபனியில், வேறு தோணியில் கூட வந்தவரிடம் "காத்து எதிர்ல வருது" என்று சொல்லித் தோணியைத் திருப்பினாராம் தெலஸ்போர். நேரே கடலுக்குள். உடல் கிடைக்கவில்லை. இறந்தவரின் மறைப்பில் எங்கள் ஊரில் யாரும் உட்காரமாட்டோம். எரித்துவிடுவோம். அவருடையதையும் எரித்தார்கள்.

மறுநாள் அப்பா வாத்துகளை எடுக்கப் போனார். விட்ட இடத்தில் இல்லை. தெலஸ்போரின் மறைப்பில் எரிந்து மிஞ்சிய கம்புகளைச் சுற்றி மிதந்தன. அன்றும் தெற்குக் காற்றுதான். பலமாக வீசியது.

வாத்துகள் எல்லாம் வடக்கே பார்த்து நின்றன. எங்கள் வீட்டை.