கிட்டப் போனால் தலை போகும்

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த மருதப்பனுக்கு, எட்ட நின்று எடுக்கும் லாங் ஷாட் என்றாலே இளக்காரம். சுங்கை ரோட் சந்தையில் வாங்கிய பழைய சினிமாக் கேமரா ஒன்று, படம் எடுப்பது எப்படி என்று சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று, இவ்வளவுதான் அவன் படிப்பும் சொத்தும். ஆனால் பேச்சு மட்டும் ஸ்டூடியோ முதலாளி பேச்சு. “ஆளை முழுசாக் காட்ட துணிக்கடைப் பொம்மை போதும் லா. கிட்டப் போய் முகத்தைக் காட்டணும், அதுதான் கலை!” என்பான்.

அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒருத்தியை மட்டும் வருஷக்கணக்காக எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்தான். பஃபலோ ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த செல்லக்கண்ணுவின் மகள் பாக்கியலட்சுமி. அவளைப் பார்ப்பதற்கென்றே போய் மிளகு வாங்குவான். அவள் கல்லாப் பக்கம் வந்துவிட்டால் போதும், பாவி மனுஷனுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ரசம் வாயில் வைக்க முடியாத காரம்.

அறுபத்தொன்றாம் வருஷம் அவள் அண்ணன் தங்கராஜுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செல்லக்கண்ணு தனக்கென்று மெட்ராஸிலிருந்து ஜரிகைத் தலைப்பாகை ஒன்றைக் கப்பலில் வரவழைத்திருந்தார். “தம்பி, கல்யாணத்த நீதான் படம் எடுக்கணும். தலைப்பாகை படத்துல நல்லா விழணும், ஆமா!” என்றார். மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. படம் மட்டும் நன்றாக வந்துவிட்டால், அந்தச் சூட்டோடு பெண் கேட்க ஆள் அனுப்பிவிடலாம். சொதப்பினால் கடை வாசலைக்கூட மிதிக்க முடியாது.

கல்யாணத்தன்று கோயிலில் அவன் அடித்த கூத்து கொஞ்சமல்ல. மாலைக்கு நடுவே கேமராவை நீட்டினான். ஐயர் மடியில் உட்காராத குறை. மூன்று பேரை முக்கோணமாக நிறுத்தினால் படம் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று புத்தகம் சொன்னதே என்று அப்படி நிறுத்தப் போனால், செல்லக்கண்ணுவின் மனைவி தைலம்மா ஓடி வந்துவிடுவாள். “ஐயையோ, மூணு பேரா நிக்காதீங்க, ஆகாது!” என்று கண்ணில் பட்டவரைப் பிடித்து நாலாவது ஆளாகத் தள்ளுவாள். ஒரு தடவை கரண்டியோடு சமையல்காரரே வந்து நின்றார்.

ரீல் மாற்றுகிற சாக்கில் மருதப்பன் அடிக்கடி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் பூத்தட்டோடு பாக்கியம். ஆளை நட்டநடுவில் நிறுத்தாதே, ஒரு பக்கமாக வை, அவர் பார்க்கிற திசையில் கொஞ்சம் இடம் விடு என்றது புத்தகம். அப்படியே இடம் விட்டு எடுத்தான்.

கழுவ அனுப்பிய ஃபிலிம் திரும்பி வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு மேல் மாடியில் ஜன்னலையெல்லாம் கோணிச்சாக்கால் அடைத்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். சொந்தபந்தம் முழுக்க வந்து உட்கார்ந்தது. படம் காட்டும் மெஷின் ஓடியது.

ஒரு கழுத்தில் தாலி ஏறியது. முகம் இல்லை. அடுத்து ஒரு மாலை, அதற்கு மேலேயும் ஒன்றுமில்லை.

மருதப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற துளை மேலே, படம் பிடிக்கிற லென்ஸ் கீழே. எட்ட நின்றால் பாதகமில்லை. கிட்டப் போனாலோ, கண்ணுக்குத் தெரிவது முகம், ஃபிலிமில் விழுவது கழுத்துக்குக் கீழே. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவன் புரட்டவே இல்லை.

“இது யாரு?”

“தொப்பையப் பாத்தா நம்ம வேலாயுதம் மாதிரி இருக்கு!”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அப்போது திரையில் ஒரு பச்சைக்கல் மோதிரக் கை வந்து லட்டு எடுத்தது. இன்னொன்றும் எடுத்தது.

“ஏங்க, இனிப்பத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. அது யாரு கை?” என்றாள் தைலம்மா.

“யாரு கையோ! டேய், என் தலைப்பாகை எங்கடா?” என்று மோதிரக் கையை மடியில் மறைத்தபடி எகிறினார் செல்லக்கண்ணு.

மருதப்பன் பதில் சொல்வதற்குள் திரையில் பாக்கியம் வந்தாள். தலையோடு, முழுசாக, சின்னதாக, ஓரமாக. மறுபடி அவளே பூத்தட்டோடு, மறுபடி அவளே கொட்டாவியோடு. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை இடம் இல்லை.

செல்லக்கண்ணு எழுந்து திரைக்கு முன்னால் வந்துவிட்டார். “இங்க வாடா! ஊர்த் தலையெல்லாம் வெட்டிட்டு என் பொண்ணுக்கு மட்டும் தலை வெச்சிருக்கியே, என்னடா அர்த்தம்?”

மருதப்பன் முன்னால் வந்து நின்றான். “அது… லாங் ஷாட்டுங்க, மாமா.”

இத்தனை நாள் ‘ஐயா’ என்று அழைத்த வாயிலிருந்து ‘மாமா’ விழுந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

செல்லக்கண்ணு வாயைத் திறந்தார். நடுவில் வந்து நின்ற தைலம்மா, “லட்டு,” என்று ஒரே சொல் சொன்னாள். மூடிக்கொண்டார்.

அவள் புருஷனைப் பார்த்தாள், மருதப்பனைப் பார்த்தாள், கதவோரம் முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மகளையும் பார்த்தாள்.

“ஐயையோ, மூணு பேரா நிக்கிறோமே, ஆகாது. பாக்கியம், நீ வந்து அந்தத் தம்பி பக்கத்துல நில்லு.”

பாக்கியம் வந்து நின்றாள். மருதப்பன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

“இவ்வளவு கிட்ட வந்துட்டேனே,” என்றாள் அவள், “என் தலையும் போயிடுமா?”