நாற்பத்தெட்டு வோல்ட் பயம்

மறுநாள் காலை அக்காவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் மாறிவிடலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று மாலை நான்கு மணிக்குள் வார்டில் சேர வேண்டும். அதற்குள் அவள் பாட்டு ஒன்றையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஜொகூர் பாருவில் அவள் வெள்ளிக்கிழமைதோறும் பாடும் கோயில் மண்டபத்துக்கே அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் உச்சத்துக்குப் போனால் சாதாரண மைக்கில் காதைக் குத்தும். அதனால் என் ரிப்பன் மைக்கை எடுத்து வந்திருந்தேன். காந்தங்களுக்கு நடுவே ரிப்பன்போலத் தொங்கும் ஓர் அலுமினியத் தாள்தான் அதன் உயிர். சிகரெட் பெட்டித் தாளைவிட மெல்லியது. மற்ற மைக்குகளுக்காக, ஒலியைக் கலக்கும் மிக்சர் தன் கேபிள் வழியே நாற்பத்தெட்டு வோல்ட் அனுப்பும். ஃபேண்டம் பவர் என்பார்கள். கேபிள் நன்றாக இருந்தால் பாதகமில்லை. உள்ளே ஒரு கம்பி மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் ரிப்பன் போச்சு. அன்று பார்த்து என் கேபிளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், மடையன். கோயில் கேபிள்கள்தான் கதி.

மிக்சரில் ஃபேண்டம் பவர் விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. நிம்மதியாகக் கேபிளைச் செருகப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். போன வாரம் ஆயுத பூஜைக்கு மிக்சருக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். வைத்த புண்ணியவானுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை! நகத்தால் சுரண்டினேன். அடியில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பொத்தானை அணைத்தேன். மின்சாரம் முழுதாக வடியச் சில நிமிடங்கள் விட வேண்டும். அதற்குள் ஒவ்வொரு கேபிளாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு பழுது. மூன்றாவது தேறியது.

"இன்னும் எவ்ளோ நேரம்டா? மூனாச்சு லா. காஸ்வே பாலத்துப் பக்கம் ரோடு ஜேம் ஆயிடும்."

"கொஞ்சம் இரு, அக்கா. இது அறுந்துட்டா முடிஞ்சிச்சு."

விளக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் செருகினேன். ஒலியை மெல்ல ஏற்றினேன். மைக் பிழைத்துவிட்டது. பதிவை ஓடவிட்டு, "ஏதாச்சும் பேசுக்கா, லெவல் பாக்கணும்" என்றேன்.

அவள் மைக்கையே பார்த்தாள்.

"வந்ததிலேர்ந்து இதுக்கு என்னா ஆவுமோன்னு பயந்து சாவுற. நாளைக்கு என் கழுத்த அறுக்கப் போறாங்க. பயமா இருக்கான்னு என்னை ஒரு வார்த்த கேட்டியாடா?"

அதன் பிறகு அவளால் பாட முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. நேரமாகிவிட்டதால் கிளம்பினோம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரல்தான் கட்டையாகிவிட்டது. இப்போது அவள் கோயிலில் பாடுவதில்லை. ரிப்பனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் பழைய குரலில் நான் பதிவு செய்து வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றைத்தான்.