மீரா சாகிப்புக்குத் தெரிந்த பாஷைகள்

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தால், எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள செல்போன் ரீசார்ஜ் கடை மீரா சாகிப்புடையது. இந்தி தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். அதை ஷார்ஜாவில் அறையில் கூடத் தங்கியிருந்த பாகிஸ்தான் டிரைவரிடம் கற்றார். டிரைவர் அதை உருது என்பாராம். ஊருக்கு வந்ததும் அது இந்தியாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் வங்கதேசத்துச் சமையல்காரர். அவரால் வங்க மொழியும் வந்தது. அதை மட்டும் மீரா சாகிப் ஊரில் சொன்னதில்லை.

போன குறுவைக்கு எங்கள் வயலில் நடவு நட மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அம்மாவும் அத்தைகளும் கூலிக்கு நட்ட நிலத்தை இப்போது நாங்களே குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்டதால் நடவுக்கு ஆள் கிடையாது. வந்தவர்களை ஊர் 'இந்திக்காரப் பசங்க' என்றது. அவர்களுக்கு இந்தி அரைகுறை.

வங்கதேச எல்லை தாண்டி வந்தவர்களைக் கண்டுபிடிக்கும்படி மேலிடத்து உத்தரவு. எல்லைக்கும் எங்களுக்கும் நடுவே பாதி இந்தியா கிடக்கிறது. ஆனாலும் நாற்றுப் பறித்து முடி கட்டிப் போட்டிருந்த காலையில், ஆறு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஆதாரைக் காட்டினால், அதெல்லாம் போலியாக அடிக்கிறார்கள் என்றார் எஸ்.ஐ. என் அப்பா ராஜாங்கம்தான் மீரா சாகிப்பைக் கையோடு அழைத்துவந்தார். நானும் போனேன். எம்.ஏ.வில் எல்லைப் பாதுகாப்பைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதியவள். அங்கே எந்தப் பக்கம் நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

எஸ்.ஐ. வைத்த சோதனை எளிது: இந்தி பேசினால் இந்தியன். அவருக்கு இந்தி தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்தக் கணக்குப்படி அறையில் இருந்த ஒரே இந்தியர் மீரா சாகிப்தான்.

அவர் கேட்டார். பசங்கள் திணறினார்கள். நாடு கடத்துவதற்காகச் சாயங்காலம் ஆறு பேரையும் சென்னைக்கு ஏற்றிவிடுவதாக எஸ்.ஐ. சொன்னார். மீரா சாகிப் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு வங்க மொழியில் ஏதோ கேட்டார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரின் எண் கிடைத்தது. அங்கே பேசி, அந்தப் பகுதி ஸ்டேஷனிலும் விசாரித்து, உள்ளூர்க்காரர்கள்தான் என்று உறுதியானது. போனில் மொழிபெயர்த்ததும் மீரா சாகிப்பே.

போனை வைத்த எஸ்.ஐ. அவரை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார்.

"பாய், இது என்ன பாஷை?"

"பெங்காலி சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷார்ஜாவுல கூட இருந்தவர் பேசுவார் சார்."

"அவர் எந்த ஊரு?"

கல்கத்தா என்று சொல்லியிருக்கலாம்.

"டாக்கா பக்கம் சார்" என்றார்.

மதியமே ஆறு பேரையும் விட்டார்கள். நாற்று வாடுவதற்குள் நட்டு முடித்தார்கள். மீரா சாகிப்பை மட்டும் பழைய பாஸ்போர்ட்டுகளோடு மறுநாள் வரச் சொன்னார்கள். ஷார்ஜாவில் அடையாள அட்டைக்குப் பத்தாக்கா என்று பெயர். "அங்கதான் பத்தாக்கா எங்கேன்னு ரோட்டுல நிறுத்துவான், ராஜாங்கம். பொறந்த ஊர்லயும் நிறுத்திட்டாங்க" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

இப்போதும் ஸ்டேஷனிலிருந்து அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். மொழிபெயர்க்கவா, விசாரிக்கவா என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. எதுவானாலும் நாற்காலி போட்டுவிடுகிறார்களாம்.